அமுச்சி வீட்டு வெள்ளியின் அடியில் என்ன இருக்கிறது? பழைய வெள்ளி முத்திரைகளைப் படிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

பாலக்காடு பக்கத்துக் கொழிஞ்சாம்பாறையில் எங்கள் அமுச்சி (அம்மாவின் அம்மா) வீட்டு மச்சில் ஒரு தகரப் பெட்டி இருந்தது. அதற்குள் பழைய வேட்டித் துணியில் சுற்றி வைத்த வெற்றிலைப் பெட்டி, சந்தனக் கிண்ணம், பன்னீர்ச் செம்பு, பாலாடை, இரண்டு டம்ளர்கள், ஒரு கிண்டி, ஆறு தேக்கரண்டிகள். பெரிய மாமா மகள் கல்யாணத்தின்போது அந்த வெற்றிலைப் பெட்டியை எடுத்துப்போய் நகரத்தில் ஒரு கடையில் கொடுத்தார்கள். கடைக்காரர் திருப்பிப் பார்த்தார். "சீல் இல்லையே, அறுபது டச்தான் போட முடியும்" என்றார். அதாவது நூற்றில் அறுபது பங்குதான் வெள்ளி என்ற கணக்கு. பெட்டி அன்றைக்கே உருகிப்போனது. ஏழெட்டு வருஷம் கழித்து, அதே பத்தர் கையால் அதே சமயத்தில் செய்த பன்னீர்ச் செம்பை மெஷினில் வைத்துப் பார்த்தோம். தொண்ணூற்றொன்று டச் காட்டியது.

அந்த வெற்றிலைப் பெட்டியை நினைத்துக்கொண்டேதான் இதை எழுதுகிறேன். நம் பக்கத்துப் பழைய வெள்ளியில் பெரும்பாலானவற்றில் சர்க்கார் முத்திரை இருக்காது. வெள்ளைக்காரர் காலத்தில் இங்கிலாந்தில் இருந்தது போல வெள்ளியைச் சோதித்து முத்திரை குத்தும் அலுவலகம் இந்தியாவில் கிடையவே கிடையாது. ஆகவே முத்திரை இல்லை என்பதை வைத்து மட்டம் என்று சொல்ல முடியாது. ஆனால் முத்திரை இல்லாத பாத்திரத்திலும் படிக்க நிறைய இருக்கிறது. உருக்கக் கொடுக்கும் முன் அதைப் படித்துவிட வேண்டும்.

முதலில்: துலக்காதீர்கள்

பெட்டியைத் திறந்ததும் கை தானாகத் திருநீற்றைத் தேடும். தினசரி பூஜைப் பாத்திரத்துக்குத் திருநீறு போதும், நல்லதும்கூட. ஆனால் நூறு வருஷப் பாத்திரத்தின் அடியில் இருக்கும் ஊசிமுனை அளவு குறிகளை அதுவே கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்துவிடும். புளி, மணல், பாத்திரம் தேய்க்கும் பவுடர் பக்கமே போக வேண்டாம். வெதுவெதுப்பான தண்ணீரில் இரண்டு சொட்டு சோப்பு, பழைய மல் துணி, அவ்வளவுதான். பள்ளத்தில் தங்கியிருக்கும் கறுப்பை விட்டுவிடுங்கள். காற்றில் உள்ள கந்தகம் வெள்ளியோடு சேர்ந்து வரும் கறுப்பு அது. மேடு வெளுப்பாகவும் பள்ளம் கறுப்பாகவும் இருந்தால்தான் குறி தெளிவாகத் தெரியும்.

எங்கே தேடுவது

குடம், செம்பு, டம்ளர் என்றால் அடியிலும், அடி வளையத்தின் வெளிப்பக்கத்திலும், வாய் விளிம்புக்குக் கீழேயும். மூடி உள்ளவற்றில் மூடியின் உள்புறம். கூஜா என்றால் திருகைக் கழற்றி மரையின் ஓரம். கரண்டிகளில் காம்பின் பின்புறம். வெற்றிலைப் பெட்டியில் கீலுக்கு அடியில். கொலுசு, அரைஞாண் கொடிகளில் கொக்கியை ஒட்டிய பட்டை. குத்துவிளக்கு பல துண்டுகளாகக் கழலும் என்பதால் ஒவ்வொரு துண்டையும் தனித்தனியாகப் பாருங்கள். ஒரு துண்டில் குறி இருந்து மற்றதில் இல்லையென்றால், இடையில் எப்போதோ ஒரு பாகம் மாற்றியிருக்கிறார்கள் என்று சந்தேகப்படலாம்.

வெளிச்சம் நேர் மேலேயிருந்து விழக்கூடாது. காலை வெயில் சாய்ந்து விழும் திண்ணைதான் சரியான இடம். இல்லையென்றால் போன் டார்ச்சைக் கிட்டத்தட்ட பாத்திரத்தோடு ஒட்டிப் படுக்கைவாக்கில் பிடியுங்கள். பத்தர்கள் கண்ணில் வைக்கும் பத்து மடங்கு லென்ஸ் ஒன்று வாங்கிக்கொண்டால் காலத்துக்கும் உதவும்.

தேய்ந்துபோன குறிக்கு ஒரு வழி இருக்கிறது. மெழுகுவத்திப் புகையை அந்த இடத்தில் லேசாகப் படியவிட்டு, ஆறியபின் செல்லோ டேப்பை ஒட்டி எடுத்து, வெள்ளைத் தாளில் ஒட்டுங்கள். கண்ணுக்குத் தெரியாத எழுத்துகூடத் தாளில் தெரியும். மிச்சப் புகை சோப்புத் தண்ணீரில் போய்விடும்.

வெள்ளைக்காரர் முத்திரை என்றால்

நெல்லியாம்பதி, வால்பாறை, மூணாறு எஸ்டேட்டுகளோடு தொடர்பிருந்த குடும்பங்களில் இந்த வகை கிடைக்கும். துரைமார் ஊர் திரும்பும்போது கொடுத்ததும், ஏலத்தில் எடுத்ததும். எங்கள் ஆறு தேக்கரண்டிகளும் அப்படித்தான், அப்புச்சி (அம்மாவின் அப்பா) கணக்குப்பிள்ளையாக இருந்த எஸ்டேட்டிலிருந்து வந்தவை. இங்கிலாந்து முத்திரை ஒன்றல்ல, வரிசையாக நான்கைந்து சிறு குறிகள். ஒவ்வொன்றும் ஒரு கேள்விக்குப் பதில்.

எவ்வளவு வெள்ளி? ஒரு முன்காலைத் தூக்கியபடி இடப்பக்கம் நடக்கும் சிங்கம் இருந்தால் 92.5 சதம். 1544 முதல் இருக்கும் குறி இது. சிங்கத்துக்குப் பதிலாக உட்கார்ந்திருக்கும் பெண்ணுருவமும், கழுத்தோடு வெட்டிய சிங்கத் தலையும் இருந்தால் அது இன்னும் உயர்ந்த தரம், சுமார் 95.8 சதம். 1697 முதல் 1720 வரை இந்தத் தரம்தான் கட்டாயமாக இருந்தது.

எந்த ஊர்? சிறுத்தைத் தலை என்றால் லண்டன். தலையில் கிரீடம் இருந்தால் 1821க்கு முந்தியது, மொட்டைத் தலை என்றால் பிந்தியது. நங்கூரம் பர்மிங்ஹாம். தனிக் கிரீடம் ஷெஃபீல்டு. 1975 முதல் ஷெஃபீல்டு கிரீடத்தை விட்டு ரோஜாவுக்கு மாறியது. கோட்டை எடின்பரோ, கிரீடம் வைத்த யாழ் டப்ளின்.

எந்த வருஷம்? ஒரு சட்டத்துக்குள் ஒற்றை எழுத்து இருக்கும். இதில்தான் நிறையப் பேர் தடுமாறுகிறார்கள். ஊரை முடிவு செய்யாமல் இந்த எழுத்தைத் தொடாதீர்கள், ஊருக்கு ஊர் வரிசை வேறு. லண்டன் வரிசை எளிது. ஜே எழுத்தை விட்டுவிட்டு ஏ முதல் யூ வரை இருபது எழுத்து, இருபது வருஷம். 1776, 1796, 1816 என்று போய் 1876, 1896, 1916 வரையிலும் அதற்கப்பாலும் ஒவ்வொரு சுற்றும் ஏ எழுத்தில் தொடங்கும். சுற்றுக்குச் சுற்று எழுத்தின் உருவமோ சட்டத்தின் வடிவமோ மாறும்.

வரி கட்டியதா? 1784 முதல் 1890 வரை, வெள்ளி வரி செலுத்தியதற்கு அடையாளமாக ராஜா அல்லது ராணியின் தலையையும் குத்தினார்கள். இடப்பக்கம் பார்க்கும் பெண் தலை என்றால் விக்டோரியா.

மிச்சமிருக்கும் ஆங்கில எழுத்துகள் செய்தவரின் முதலெழுத்துகள்.

இப்போது எங்கள் கரண்டிக்கு வருவோம். நடக்கும் சிங்கம், கிரீடமில்லாத சிறுத்தைத் தலை, சிறிய ஜி எழுத்து, இரண்டு எழுத்தில் ஒரு பெயர். ராணி தலை இல்லை. லண்டன் வரிசையில் ஜி வரும் வருஷங்கள் 1822, 1842, 1862, 1882, 1902, 1922. முதல் நான்கும் வரிக் காலம், தலை இருந்தாக வேண்டும். ஆகவே 1902 அல்லது 1922. 1922 சுற்றின் எழுத்து பழைய கோதிக் பாணியில் முறுக்கிக்கொண்டு இருக்கும், 1902இன் எழுத்து இன்றைய அச்செழுத்து போல எளிமையாக இருக்கும். எங்களுடையது எளிய எழுத்து. லண்டனில் எழுத்து மே மாதம் மாறும் என்பதால், 1902 மே முதல் 1903 மே வரைக்குள் அந்தக் கரண்டிகள் முத்திரை வாங்கியிருக்கின்றன. இதைக் கண்டுபிடித்த அன்று ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை.

800 என்ற எண்ணும் பிறையும் கிரீடமும் சேர்ந்து இருந்தால் ஜெர்மனி, 1888க்குப் பிந்தையது, 80 சதம் வெள்ளி. ஆங்கிலத்தில் ஸ்டெர்லிங் என்று முழுச்சொல்லாக இருந்தால் பெரும்பாலும் அமெரிக்கா, 92.5.

முத்திரை மாதிரியே இருக்கும், வெள்ளி இல்லை

நான்கு எழுத்துகள், ஒவ்வொன்றும் தனித்தனிச் சட்டத்தில், பழைய பாணியில் அலங்காரமாக இருக்கும்: இ, பி, என், எஸ். பார்த்தால் நிஜ முத்திரை போலவே தெரியும். நிக்கல் கலந்த உலோகத்துக்கு மின்சாரத்தில் வெள்ளி முலாம் பூசியது என்பதன் சுருக்கம் அது. 1840இல் எல்கிங்டன் கம்பெனி இந்த முறைக்கு உரிமை வாங்கிய பிறகு இப்படிப்பட்ட பாத்திரங்கள் உலகம் முழுக்கப் பரவின. ஏ1 என்பதும் முலாமின் கனத்தைச் சொல்வது. ஷெஃபீல்டு என்று ஊர்ப் பெயரை எழுதியிருப்பதாலும் வெள்ளியாகிவிடாது. நிஜ முத்திரையில் ஊர் படமாகத்தான் வரும், எழுத்தாக அல்ல.

விளிம்பிலும் பிடியின் முதுகிலும் கை அதிகம் படும் இடங்களைப் பாருங்கள். அங்கே மஞ்சளோ செம்போ எட்டிப் பார்த்தால் முலாம். கொலுவுக்கும் நவராத்திரிப் பரிசுக்கும் வாங்கும் ஜெர்மன் சில்வரில் செம்பு, நிக்கல், துத்தநாகம் மட்டுமே. பெயரில் மட்டும்தான் வெள்ளி.

மெட்ராஸ் கம்பெனி வெள்ளி

சென்னை மவுண்ட் ரோட்டில் பி. ஆர் அண்ட் சன்ஸ் (P. Orr & Sons) கடையின் பெயர் ஆங்கிலத்தில் குத்தியிருந்தால் உடனே தனியாக எடுத்து வையுங்கள். கடவுள் உருவங்களைப் புடைப்பாக அடித்து அவர்கள் செய்த சாமான்களை வெள்ளைக்காரர்கள் சுவாமி சில்வர் என்றே அழைத்தார்கள். 1875-76இல் இந்தியா வந்த வேல்ஸ் இளவரசருக்கு அப்படிப்பட்ட தேநீர் செட் ஒன்றைப் பரிசளித்தார்கள். இந்த மாதிரிச் சாமானின் மதிப்பு எடையில் இல்லை. உருக்கினால் போவது எடையின் விலையைப்போலப் பல மடங்கு. கல்கத்தா ஹாமில்டன் கம்பெனியின் சாமான்களில் பெயரெழுத்துகளோடு சிறு யானை உருவம் இருக்கும். இவையெல்லாம் கடையின் சொந்த வாக்குறுதிகள்தான், சர்க்கார் சோதனை அல்ல. இருந்தாலும் பெயர் பெற்ற கடை என்பதால் நம்பலாம்.

நம் பத்தர் கை வெள்ளி

நம் வீடுகளில் இருப்பதில் பத்தில் ஒன்பது இந்த வகைதான். பத்தர் அல்லது கடைக்காரரின் பெயரெழுத்து இரண்டோ மூன்றோ, ஒரு பூ, ஒரு சங்கு, சில சமயம் 90 என்றோ 92 என்றோ டச் எண். ஒன்றுமே இல்லாமலும் இருக்கும். இங்கே படிக்க வேண்டியது முத்திரையை அல்ல, வெட்டிய பெயரை.

உளியால் புள்ளி புள்ளியாகவோ கோடாகவோ வெட்டிய பெயரைச் சுருக்கெழுத்து முதல் கடைசிவரை எழுதிக்கொள்ளுங்கள். பெண்ணின் பெயரோடு அப்பாவின் முதலெழுத்து இருந்தால் பிறந்த வீட்டுச் சீர். புருஷன் பெயரெழுத்து இருந்தால் கல்யாணத்துக்குப் பிறகு வாங்கியது. பாலக்காட்டுச் சித்தூர், கொல்லங்கோடு பக்கத்துப் பாத்திரங்களில் ஒன்றில் தமிழும் அடுத்ததில் மலையாளமும் இருக்கும். எங்கள் டம்ளர்களில் அமுச்சியின் பெயர் தமிழிலும், வருஷம் மலையாள எண்களிலும் இருக்கிறது. மலையாள எண் தெரியாதவர்கள் அதைப் பூவேலை என்று நினைத்துக் கடந்துவிடுவார்கள்.

வருஷத்தைப் படிக்க எல்லைப் பக்கத்துக்காரர்களுக்கு ஒரு கணக்கு கட்டாயம் தெரிய வேண்டும். ஆயிரத்தை ஒட்டிய நான்கு இலக்கம் இருந்தால் அது கொல்லம் ஆண்டு, மலையாளக் காலண்டர் கணக்கு. ஆவணியில், அதாவது சிங்ஙத்தில், பிறக்கும். அதிலிருந்து டிசம்பர் முடியும்வரை 824 கூட்டுங்கள். ஜனவரி முதல் ஆண்டு முடியும்வரை 825. எங்கள் டம்ளரில் இருப்பது 1099. அதாவது 1923 ஆகஸ்டு முதல் 1924 ஆகஸ்டு வரை. கேரளத்தில் இன்றும் பேசப்படும் தொண்ணூற்றொன்பதாம் வருஷத்து வெள்ளம் வந்த ஆண்டு. தமிழ் வருஷப் பெயர் இருந்தால் அறுபது வருஷத்துக்கு ஒருமுறை திரும்பும் என்பதை மறக்கக் கூடாது. துன்முகி என்றால் 1896ஆகவும் இருக்கலாம், 1956ஆகவும் இருக்கலாம். யார் பெயர் வெட்டியிருக்கிறது என்பதை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

பத்தர்கள் வெள்ளியை எங்கிருந்து எடுத்தார்கள்? கையில் இருந்த ரூபாயிலிருந்துதான் பெரும்பாலும். 1835 முதல் 1939 வரையிலான ஒரு ரூபாய் நாணயம் 11.66 கிராம், அதில் பன்னிரண்டில் பதினோரு பங்கு வெள்ளி, 91.7 சதம். அந்த எடைதான் ஒரு தோலா. ஊரில் ரூபாய் எடை என்பார்கள். 1940இலிருந்து ரூபாயில் பாதிதான் வெள்ளி. பாத்திரத்தின் அடியில் கீறலாக ஒரு சின்ன எண் இருந்தால் அது தோலாவில் எடையாக இருக்கலாம். 11.66ஆல் பெருக்கி இன்றைய எடையோடு ஒப்பிடுங்கள். கொஞ்சம் குறைவாக இருந்தால் தேய்மானம். அதிகமாக இருந்தால் பிறகு ஏதோ பற்றவைத்திருக்கிறார்கள்.

பத்திரத்தில் இருக்கும் பெயரை நம்பி ஏமாறாதீர்கள்

பழைய பாகப் பத்திரங்களில் பாத்திரங்களைப் பட்டியலிட்டிருப்பார்கள். மலையாளத்தில் வெள்ளோட்டுக் கிண்டி என்று எழுதியிருப்பதைப் பார்த்து வெள்ளிக் கிண்டி என்று படித்து, அண்ணன் தம்பிக்குள் மனஸ்தாபம் வந்த வீடு எனக்குத் தெரியும். வெள்ளோடு என்பது நம் வெண்கலம். தமிழ்ப் பட்டியலில் சில்வர் என்று இருந்தால் அது எவர்சில்வராக இருக்கவும் நிறைய வாய்ப்பு உண்டு. எங்கள் பெட்டியில் இருந்த கிண்டியும் கடைசியில் வெண்கலம்தான். நன்றாகப் பழகிய வெண்கலம்.

வீட்டிலேயே எடைச் சோதனை

ஆசிட்டை வீட்டில் தொடாதீர்கள். அதைவிட நல்ல சோதனைக்குத் தண்ணீரும் தராசும் போதும். 0.1 கிராம் காட்டும் டிஜிட்டல் தராசு வேண்டும். சமையலறைத் தராசு ஒரு கிராம் கணக்கில் காட்டினால் சின்னச் சாமானுக்கு உதவாது.

பாத்திரத்தை உலர்வாக எடை போட்டு எழுதிக்கொள்ளுங்கள். தராசில் ஒரு பாத்திரம் தண்ணீர் வைத்து அளவைப் பூஜ்யமாக்குங்கள். இப்போது வெள்ளியை நூலில் கட்டி, முழுக்க முழுகும்படியும் அடியையோ பக்கத்தையோ தொடாதபடியும் தண்ணீருக்குள் தொங்கவிடுங்கள். தராசு ஒரு எண் காட்டும். முதல் எடையை அந்த எண்ணால் வகுத்தால் வருவது அடர்த்தி.

எங்கள் டம்ளர் 186 கிராம். தண்ணீரில் 18.0 காட்டியது. வகுத்தால் 10.33. சுத்த வெள்ளி 10.49, தொண்ணூற்றிரண்டரை டச் ஏறக்குறைய 10.36, ரூபாய் வெள்ளி 10.34, எண்பது டச் 10.1, பாதி வெள்ளி 9.7. ஜெர்மன் சில்வரும் வெண்கலமும் 8.7ஐ ஒட்டி நிற்கும், பித்தளை 8.5. ஆகவே வெள்ளியா வேறா என்பது சந்தேகமில்லாமல் தெரிந்துவிடும். 92.5க்கும் 91.7க்கும் உள்ள வித்தியாசத்தை இதில் பிடிக்க முடியாது. காற்றுக்குமிழ் ஒட்டியிருந்தால் எண் தவறும், மெதுவாகச் சாய்த்து முழுக்குங்கள். உள்ளே அரக்கு நிரப்பிய பிடிகளுக்கும், மூடிய குழல் வேலைக்கும் இது சரிவராது. காந்தம் ஒட்டினால் வெள்ளி இல்லை என்று முடிவு செய்யலாம். ஒட்டாவிட்டால் ஒன்றும் தெரியாது, பித்தளையும் ஒட்டாது.

கடையில் சோதிக்கும்போது

பொள்ளாச்சியிலோ கோயம்புத்தூர் ராஜ வீதியிலோ பாலக்காட்டிலோ, எங்கே போனாலும் விற்க வந்தேன் என்று சொல்லாமல் டச் பார்க்க வந்தேன் என்று சொல்லுங்கள். எக்ஸ்ரே மெஷின் மேல்தோலை மட்டும்தான் படிக்கும். முலாம் கனமாக இருந்தால் அதையே வெள்ளி என்று காட்டும். பத்தர்கள் கடைசியில் காய்ச்சிப் புளித்தண்ணீரிலோ அமிலத்திலோ வெளுப்பு எடுப்பதால், மேல்தோல் உள்ளே இருப்பதைவிடச் சுத்தமாகவும் இருக்கும். ஆகவே தேய்ந்த விளிம்பு ஒன்று, அடி ஒன்று, உள்புறம் ஒன்று என்று மூன்று இடத்தில் பார்க்கச் சொல்லுங்கள். பற்றவைத்த இடத்தில் எண் குறைவாகத்தான் வரும். பற்றவைக்கும் பொடியில் பித்தளை கலந்திருக்கும். அந்த ஒரு எண்ணை வைத்து மொத்தப் பாத்திரத்துக்கும் விலை போடவிடாதீர்கள். உரைகல்லில் உரசுவதென்றால் அடி வளையத்தின் உள்விளிம்பைக் காட்டுங்கள். பெயர் வெட்டிய இடத்துக்குப் பக்கத்தில் அரம் வரக்கூடாது.

புது முத்திரை

இந்தியத் தர நிர்ணய அமைப்பு, அதாவது பிஐஎஸ், வெள்ளிக்கு முத்திரை போடத் தொடங்கியது 2005இல். முக்கோணச் சின்னமும் 925, 990 போன்ற எண்ணும் இருக்கும். 2025 செப்டம்பர் 1 முதல், ஒவ்வொரு சாமானுக்கும் தனியாக, எழுத்தும் எண்ணும் கலந்து ஆறு இடத்தில் வரும் ஹெச்யூஐடி குறியும் சேர்ந்தது. பிஐஎஸ் கேர் செயலியில் அதைப் போட்டுச் சரிபார்க்கலாம். தங்கத்தைப் போல வெள்ளிக்கு அதைக் கட்டாயமாக்கவில்லை. தாத்தா காலத்துச் சாமான் என்று யாராவது விற்க வந்து, அதில் முக்கோணம் இருந்தால் என்ன அர்த்தம் என்று நீங்களே சொல்லிவிடுவீர்கள்.

வெளிநாட்டுக்குக் கொடுத்தனுப்பும் முன்

துபாயிலும் அமெரிக்காவிலும் இருக்கும் பிள்ளைகளுக்குப் பழைய வெள்ளியைக் கொடுத்தனுப்பும் வழக்கம் இந்தப் பக்கம் அதிகம். 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி, நூறு வருஷம் கடந்த கலைப்பொருளைத் தனியார் நாட்டுக்கு வெளியே கொண்டுபோக முடியாது. வருஷம் வெட்டிய பாத்திரம் அதற்குத் தானே சாட்சி சொல்லிவிடும். நூறு ஆகாத பொருள் என்றால், தொல்பொருள் அல்ல என்று இந்தியத் தொல்லியல் துறையிடம் சான்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

1099 வெட்டிய டம்ளர்கள் அந்தச் சட்டத்தால் ஊரிலேயே தங்கிவிட்டன. ஒன்று என்னிடம், ஒன்று பெரிய மாமா வீட்டில். உள்ளே ஒரு துண்டுத் தாள் போட்டிருக்கிறேன்: எடை 186 கிராம், அடர்த்தி 10.33, பெயர் அமுச்சியுடையது, வருஷம் வெள்ளத்து வருஷம், பத்தர் குறி அடியில் ஒரு சங்கு.